பார்க்கப்பட்டவள் பார்த்த கணக்கு

"அழகி அவள்; அது ஆண்டவன் அளித்த வரம்! அதிர்ஷ்டம் அழைத்தது, அரங்கு ஏறினாள். பணம் குவிந்தது, தொழில் தொடங்கினாள். இன்று அவள் ஒரு முதலாளி!"

விளம்பர உலகில் ஒளிவீசிய மங்கையர் வணிக உலகில் வென்ற வரலாற்றை எழுதப் புகுவோர், இந்த நாலு வரியைத்தான் நாற்பது பக்கமாக நீட்டுகின்றனர். சிலர் நானூறு பக்கமாகவும் நீட்டுகின்றனர். படித்து முடித்த இளைஞன் பெருமூச்சு விடுகிறான், நமக்கு அந்த வரம் வாய்க்கவில்லையே என்று. படித்து முடித்த இளநங்கை கண்ணாடி முன் போய் நிற்கிறாள், நமக்கும் அந்த வரம் வருமா என்று. கதை எழுதியவருக்கு வேலை அத்துடன் முடிந்துவிட்டது. காரணம் கேட்டே பழகிய நமக்கோ, வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் வென்றாள்? எவரிடம் வென்றாள்? எதை விற்று வென்றாள்? வென்றதால் எவருக்கு என்ன கிடைத்தது? இந்த நான்கு கேள்விகளையும் கேட்காத வரலாறு, வரலாறு ஆகாது, அது வாழ்த்துப்பா. வாழ்த்துப்பாவுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வரலாற்றுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே, ஒருவர் வாழ்வை எடுத்து வைத்துக்கொண்டு இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நவோமி சிம்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண். 1948-ல் பிறந்து 2009-ல் மறைந்தவர். மாடல் என்று உலகம் அழைக்கும் விளம்பர மங்கையர் வரிசையில், கறுப்பினத்தின் முதல் பெரும் புகழ் பெற்றவர் என்று பத்திரிகைகள் அவரைப் போற்றின. அந்தப் புகழ் மங்கத் தொடங்கும் முன்பே, இருபத்தைந்தாம் வயதில், அத்தொழிலை விட்டு வெளியேறிப் பொய்முடித் தொழில் தொடங்கினார். நம் நாடகக் கொட்டகைகளில் டோப்பா என்பார்களே, அதுதான்.

"டோப்பா விற்றவருக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கும் தோழர் சற்றுப் பொறுத்தருள்க. தலைமேல் வைக்கும் பொருளுக்குள்ளே தலைக்குள் இருக்கும் பிணக்கு அனைத்தும் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

தட்டியதும் திறந்த கதவா?

மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்றோர் ஊர். நவோமி சிம்ஸ் பிறந்த ஊர் அதுதான். அவ்வூரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. கலைகளின் கோயில் என்று அதைச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோயிலுக்குள் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் மாணவராக நுழைந்தது 1962-ஆம் ஆண்டில்; அதுவும் துப்பாக்கி ஏந்திய துருப்புக்களின் காவலோடு! ஒரு மனிதன் படிக்கப் போனான் என்பதற்காகக் கலகம் மூண்டு, இரண்டு உயிர்கள் பலியாயின. அத்தகைய மண்ணிலே பிறந்தவர் நவோமி.

பிறந்த சில நாளிலேயே பெற்றோர் பிரிந்தனர். பிட்ஸ்பர்க் நகரில், பெறாதவர் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் ஐந்தடி பத்தங்குல உயரம். உடன் படித்தோரின் கேலிக்கு அது போதாதா? படிப்பிலே பற்றுக்கொண்டு, உதவித்தொகை பெற்று, 1966-ல் நியூயார்க் நகரின் ஆடைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். மாலை நேரத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். கைப்பணம் கரைந்தது. மாடல் வேலை பார்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள். முயன்றார்.

மாடல்களைச் சேர்த்து வைத்து வேலை பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அந்நகரில் பல. ஒவ்வொன்றின் படியும் ஏறினார். ஒவ்வொன்றிலும் ஒரே விடை: நிறம் மிகக் கறுப்பு! திறமை போதாது என்றல்ல, உயரம் போதாது என்றல்ல. கறுப்பு மிகுதி என்று! அளவுகோலை எவன் கையில் வைத்திருக்கிறானோ, அவன் நிறத்துக்கே அளவு சரியாக இருக்கும். உலகெங்கும் உள்ள வழக்கம் இது.

இங்கேதான் வரம் பாடும் புலவரும் நாமும் பிரிகிறோம். வரத்தை நம்பிய பெண்ணாக இருந்தால், விதியை நொந்து வீடு திரும்பியிருப்பாள். நவோமி சிம்ஸ் இடைத்தரகரை விட்டு விலகி, படம் பிடிப்பவரிடமே நேரில் சென்றார். கோஸ்டா பீட்டர்சன் என்ற புகைப்படக் கலைஞர் அவரைப் படம் எடுக்க இசைந்தார். 1967 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் ஆடை மலருக்கு அப்படம் அட்டையாயிற்று. நாடே பார்த்தது. பார்த்த பிறகாவது நிறுவனங்கள் அழைத்தனவா? இல்லை!

அப்போது அவர் வகுத்த திட்டத்தைக் கவனியுங்கள். வில்ஹெல்மினா கூப்பர் என்பவர் அதே ஆண்டில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். அவரும் மாடலாக இருந்து முதலாளியானவர்தான். அவரிடம் நவோமி ஒரு யோசனை சொன்னார்: "அந்த மலரை நானே விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் அதனுடன் இணைக்க இசைவு தாருங்கள். வேலை வந்தால், உங்களுக்குரிய தரகு உங்களைச் சேரும்." கூப்பருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை, இசைந்தார். அழைப்புகள் வந்தன. ஓராண்டிற்குள் வாரத்துக்கு ஆயிரம் டாலர் ஈட்டும் நிலைக்கு நவோமி உயர்ந்தார். ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் நாடெங்கும் தொலைக்காட்சியில் தோன்றினார். 1968 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் அட்டையிலும், 1969 அக்டோபரில் 'லைஃப்' இதழின் அட்டையிலும் இடம் பெற்றார்.

வணிகத்துக்கு அவர் 1973-ல் மாறினார் என்று எழுதுகின்றனர். நான் அதை மறுக்கிறேன். அந்த மலரை உறையில் இட்டு, எண்ணை ஒட்டி அனுப்பிய நாளிலேயே அவர் வணிகர்தான். அழகு முன்னே வந்தது, அறிவு பின்னே வந்தது என்பது ஆண்கள் கட்டிய கதை. அறிவு முதலிலிருந்தே அங்கு இருந்தது. அதைப் படம் பிடிக்கும் கருவிதான் அவர்களிடம் இல்லை.

தாழ்ப்பாளைத் தளர்த்தியவர் யார்?

ஆயினும், ஒருவரின் மதிநுட்பமே அனைத்துக்கும் காரணம் என்று சொல்லி முடித்தால், நாமும் வாழ்த்துப்பாப் புலவராகிவிடுவோம். தெய்வத்தின் இடத்தில் தனிமனிதரை வைப்பது பகுத்தறிவு ஆகாது. 1947-ல் அதே உறையை அனுப்பியிருந்தால், எந்தத் தொலைபேசி மணி அடித்திருக்கும்?

இடையிலே என்ன நடந்தது? மாண்ட்கோமெரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். வெள்ளையர் வீட்டில் சமைப்பவரும் துவைப்பவரும் பெருக்குபவரும் கால் வலிக்க நடந்தார்கள். 1964-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது; 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கறுப்பும் அழகே என்ற முழக்கம் எழுந்தது. கறுப்பினத்தாரின் கையிலும் காசு உண்டு, அவர்களும் வாங்குவோரே என்ற உண்மை விளம்பரக்காரரின் மூளையில் உறைத்தது. இவ்வளவும் நடந்த பிறகே 1967-ஆம் ஆண்டின் அந்த அட்டைப்படம். நவோமி சிம்ஸ் கதவைத் தட்டினார், உண்மை. ஆனால் அக்கதவின் தாழ்ப்பாளைப் பல்லாயிரம் கால்கள் நடந்து நடந்து முன்பே தளர்த்தியிருந்தன.

வெற்றிக் கதை எழுதுவோர் மறைக்கும் முதல் உண்மை இது. தனி ஒருவர் ஏறிய ஏணியைக் காட்டுவார்கள். ஏணியைத் தாங்கிப் பிடித்த தோள்களைக் காட்டமாட்டார்கள்.

அடுப்பில் வெந்த அறிவியல்

1973-ல் நவோமி சிம்ஸ் மாடல் தொழிலை விட்டார். அதற்கு முன்னர் திரையுலகம் அவரை அழைத்தது. ஒரு படத்தின் தலைமைப் பாத்திரத்தையே தருவதாகச் சொன்னது. கதையைப் படித்தார். கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சித்திரிப்பைக் கண்டு வேண்டாம் என்று மறுத்தார். பணம் வருகிறது என்பதற்காகத் தன் இனத்தைக் கேலிப்பொருளாக்கும் காட்சியில் நிற்க இசையாத அந்த மறுப்பு, அவர் அணிந்த அத்தனை ஆடைகளையும்விட அழகானது.

பிறகு பொய்முடி. ஏன் பொய்முடி? அன்றைய அமெரிக்காவில் பொய்முடி அணியும் வழக்கம் பெருகியிருந்தது. கறுப்பினப் பெண்களும் வாங்கினர். ஆனால் கடையில் இருந்தவை வெள்ளையர் முடியின் மென்மையும் வழுவழுப்பும் கொண்டு செய்தவை. கறுப்பினப் பெண்ணின் தலையில் அவை ஒட்டாமல் நின்றன. பொய் என்று பறைசாற்றின. வாங்குவோர் இருக்கின்றனர், அவர்களுக்குரிய பொருள் இல்லை. செய்வோர் கண்ணில் அவர்கள் படவே இல்லை!

இந்தக் குறை அவருக்குத் தெரிந்தது எப்படி? ஆறாண்டுக் காலம் தம் முடியையும் முகத்தையும் பிறர் கையில் கொடுத்து நின்றவர் அவர். எந்தப் பூச்சு எப்படிச் சாயும், எந்த முடி எந்த ஒளியில் பொய்யாகும் என்பது அவருக்கு வேலையாகக் கற்ற பாடம். சும்மா நிற்பதுதானே மாடலின் வேலை என்று நினைப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். நெசவாளிக்கு நூல் தெரிவது போல, தச்சனுக்கு மரம் தெரிவது போல, அவருக்கு முடி தெரிந்தது.

தம் வீட்டு அடுப்பிலேயே செயற்கை இழையைச் சூடேற்றிப் பார்த்தார். வெப்பம் கூடினால் என்ன ஆகிறது, குறைந்தால் என்ன ஆகிறது என்று ஆய்ந்தார். கறுப்பினப் பெண்கள் நேராக்கிக் கொள்ளும் முடியின் சொரசொரப்பை ஒத்த இழை கிடைக்கும் வரை விடவில்லை. மெட்ரோபா என்ற நிறுவனம் அதைப் பெருமளவில் செய்து தந்தது. சில ஆண்டுகளிலேயே ஆண்டு விற்பனை 50 இலட்சம் டாலரைத் தொட்டது. பின்னர் நறுமணப் பொருள், ஒப்பனைப் பொருள் என்று தொழில் விரிந்தது.

ஆய்வு என்றால் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும் மட்டும்தானா? ஒன்றைக் கவனித்து, ஐயம் எழுப்பி, செய்து பார்த்து, தவறினால் திருத்தி, மீண்டும் செய்து பார்ப்பதே ஆய்வு. அது அடுப்படியில் நடந்தாலும் ஆய்வே. அடுப்படியில் பெண் செய்வதால்தான் அதற்குக் கைப்பக்குவம் என்று சிறு பெயர் சூட்டி ஒதுக்கிவிடுகிறார்கள்.

வழக்கு மன்றம்

இனி, எதிர்வாதங்களைக் கேட்போம். எதிர்வாதம் கேளாத திறனாய்வு, ஒருபக்கத் தீர்ப்பு.

முதல் வாதம், ஒழுக்கம் பேசுவோருடையது. "உடலைக் காட்டிப் பிழைத்தவள் ஊருக்கு வழிகாட்டியா?" என்கின்றனர். இவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. காட்டியவள் குற்றவாளி, பார்த்தவன் இரசிகன், படத்தை விற்றவன் கலைக் காவலன்! இந்தத் தராசில் எந்தத் தட்டில் கல் கட்டப்பட்டிருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும். பார்க்கப்படும் பொருளாக இருந்த பெண், தன் விலையைத் தானே பேசத் தொடங்கியதும்தான் இவர்களுக்கு ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் வாதம் கனமானது. "கறுப்பும் அழகே என்று முழங்கிய காலத்திலே, நேராக்கிய முடியைப் போலப் பொய்முடி செய்து விற்பது அடிமை மனம் அல்லவா? 1970-ல் ஏஞ்சலா டேவிஸின் விரிந்த சுருள்முடி உலகெங்கும் விடுதலைக் கொடியாகப் பறந்ததே, அதன் பின்னரும் நேர்முடி ஏன்?" என்கின்றனர். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நவோமி சிம்ஸின் தொழிலில் ஒரு முரண் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாடலாக இருந்தபோது, அளவுகோலே தவறு என்று காட்டினார். வணிகரானபோது, அதே அளவுகோலுக்கு ஒத்த பொருளை, முன்னதைவிட நன்றாகச் செய்து விற்றார்.

ஆனால், குற்றத்தை வாங்கிய பெண்ணின் தலையில் சுமத்துமுன் ஒன்றை எண்ணுவோம். பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சீப்பாலும், தோலைப் பொசுக்கும் காரக் கலவையாலும் முடியை நேராக்கி வந்தனர் அப்பெண்கள். எதற்கு? கண்ணாடிக்கு முன் களிப்பதற்கா? அலுவலகத்தில் வேலை வேண்டுமே, அதற்கு! சுருள்முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை பாராட்டுதல் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது எப்போது தெரியுமா? 2019-ல்! அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய சட்டத்துக்கு அதுவே முதல். நவோமியின் தொழில் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு! அதுவரை அந்தப் பெண்ணின் முடியை ஆண்டவன் முதலாளி. முடியின் சொந்தக்காரி அல்லள். சூடுபட்ட தலைக்கு ஒரு மாற்றுத் தந்தார் நவோமி. சூடு போடும் கையைத் தடுக்க அவரால் இயலவில்லை. அதை ஒரு பொய்முடியால் தடுக்கவும் இயலாது; சட்டத்தால் தடுக்க வேண்டும். சட்டம் வர, கிளர்ச்சி வேண்டும்.

மூன்றாம் வாதம்: "எவ்வளவு சொன்னாலும் முதலாளிதானே?" ஆம், முதலாளிதான். அவர் எழுதிய நூல்களில் ஒன்று 1976-ல் வந்தது, கறுப்பினப் பெண்ணின் உடல்நலமும் அழகும் பற்றியது. அதற்குத் தேவை இருந்தது. கறுப்புத் தோலையும் சுருள்முடியையும் கருத்தில் கொண்டு எழுதிய நூல்கள் அருகியிருந்த காலம் அது. ஆனால் 1982-ல் வந்த மற்றொரு நூல், கறுப்பினப் பெண்ணுக்கு வெற்றியைப் பற்றிய அனைத்தும் சொல்வதாகத் தலைப்பிட்டுக் கொண்டது. அந்தத் தலைப்போடுதான் எனக்கு வழக்கு. வெற்றியைப் பற்றிய அனைத்தும் ஒரு நூலுக்குள் அடங்குமா? துணிவு, உழைப்பு, திட்டம் ஆகியவை ஒருவர் கையில் உள்ளவை. கூலி, கடன் வசதி, பள்ளி, சட்டம் ஆகியவை ஒருவர் கையில் இல்லாதவை. முன்னதை மட்டும் கற்பித்தால், தோற்றவள் தன்னையே பழித்துக்கொள்வாள். விதியை நம்பித் தன்னை நொந்துகொண்ட பழைய பெண்ணுக்கும், வெற்றி நூலைப் படித்துத் தன்னை நொந்துகொள்ளும் புதிய பெண்ணுக்கும் என்ன வேறுபாடு?

கலந்து பூசியவர்கள்

நவோமியின் கதை தனிக்கதை அன்று என்பதற்கு மேலும் இரு சான்றுகள்.

'எபனி' இதழை நடத்திய குடும்பத்தின் யூனிஸ் ஜான்சன், 1958 முதல் ஊர் ஊராக ஆடை அணிவகுப்பு நடத்தி வந்தார். கறுப்பின மாடல்கள் மேடை ஏறுமுன், கடையில் வாங்கிய பூச்சுகள் தம் நிறத்துக்கு ஒவ்வாமையால், இரண்டு மூன்றைக் கலந்து தாமே ஒரு நிறம் செய்து பூசிக்கொள்வதைக் கண்டார். அந்தக் கலவையிலிருந்து எழுந்ததுதான் 'ஃபேஷன் ஃபேர்' ஒப்பனை நிறுவனம். அதுவும் 1973-ல்! கலந்து கண்டுபிடித்த கைகள் மாடல்களுடையவை, நிறுவனமோ வேறொருவருடையது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

மற்றொருவர் இமான். சோமாலியாவின் மொகதிஷு நகரில் 1955-ல் பிறந்தவர். தந்தை அரசின் தூதர், தாய் மருத்துவர். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தவரை, பீட்டர் பியர்ட் என்ற புகைப்படக்காரர் 1975-ல் கண்டு அமெரிக்காவுக்கு வரச் செய்தார். வந்ததும் பத்திரிகைக்காரரிடம் என்ன சொன்னார்? பாலைவெளியில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த, ஆங்கிலம் அறியாத பெண்ணைக் கண்டெடுத்தேன் என்றார்! பல மொழி பேசும் பட்டப்படிப்பு மாணவியை ஆட்டு மந்தைக்குள் ஓட்டிவிட்டார்! படித்த பெண் என்றால் அவள் வென்றாள் என்றாகிவிடும். மந்தையில் கிடந்தவள் என்றால்தான் இவர் கண்டெடுத்தார் என்றாகும். 'கண்டெடுத்தோம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், தோழர்களே, கண்டெடுக்கப்பட்டவர் அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள்.

இமான் முதன்முதலில் பெரிய இதழ் ஒன்றுக்காகப் படம் எடுக்கப்போன நாளில், ஒப்பனைக்காரர் கேட்டாராம், உன் நிறத்துக்கான முகப்பூச்சை நீயே கொண்டுவந்தாயா என்று. வெள்ளை மாடலை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. அன்று முதல் இமானும் கலந்து கலந்து பூசக் கற்றார். 1989-ல் மாடல் தொழிலிலிருந்து ஓய்ந்து, 1994-ல் எல்லா மாநிற, கருநிறப் பெண்களுக்குமான ஒப்பனை நிறுவனத்தைத் தம் பெயரிலேயே தொடங்கினார். அவமானமாக வந்த கேள்வியை அவர் தொழிலாக மாற்றி விடை சொன்னார்.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும் உண்மை ஒன்று. ஒதுக்கப்பட்டோரின் தேவை கவனிக்கப்படாமல் கிடக்கிறது. அத்தேவையை அறிந்தவர் ஒதுக்கப்பட்டோரே. ஆகவே அவர்களுள் ஒருவர் துணிந்தால் தொழில் பிறக்கிறது. சந்தை அறிவாளி, அனைத்தையும் அதுவே கண்டுகொள்ளும் என்று பாடம் நடத்தும் பொருளாதார மேதைகள் இதற்கு விடை சொல்லட்டும்: நாட்டு மக்களில் இத்தனை கோடிப் பேரின் தோல் நிறம் அந்த அறிவாளியின் கண்ணில் படாமல் போனது எப்படி? வெறி ஏறினால், இலாபம்கூட மனிதனுக்குக் கண் திறப்பதில்லை.

ஒருத்தி உயர்ந்தால் போதுமா?

இறுதிக் கேள்விக்கு வருவோம். வென்றதால் எவருக்கு என்ன கிடைத்தது?

இதற்கு விடை தேட, நவோமிக்கும் முந்தைய ஒரு பெண்ணிடம் போகவேண்டும். மேடம் சி. ஜே. வாக்கர் என்று உலகறிந்த சாரா பிரீட்லவ். 1867-ல் லூசியானாவின் பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் அடிமையாகப் பிறவாத முதல் குழந்தை. துணி வெளுத்துப் பிழைத்தவர், முடிக்கான பூச்சு விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். அவர்மீதும் முடியை நேராக்கும் மோகத்தை வளர்த்தார் என்ற பழி உண்டு. ஆனால் 1917-ல் அவர் செய்தது என்ன? தம் பொருளை விற்கும் பெண்களை ஃபிலடெல்ஃபியா நகரில் மாநாடாகக் கூட்டினார். அதிகம் விற்றவருக்குப் பரிசு தந்ததோடு நிற்கவில்லை. கறுப்பினத்தாரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் வில்சனுக்கு அந்த மாநாடு தந்தி கொடுத்தது. விற்பனைப் பெண்கள் கூடிய கூட்டம், உரிமை கேட்கும் கூட்டமாயிற்று!

அந்த வழியிலே மாடல்களும் வந்தனர். பெத்தன் ஹார்டிசன் என்ற கறுப்பின மாடல் 1984-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆயினும் தம் கடையோடு நில்லாமல், 1988-ல் இமானோடு சேர்ந்து கறுப்பின மாடல்களின் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார். 2013-ல் இமான், நவோமி கேம்பெல் ஆகியோருடன் இணைந்து, நியூயார்க், இலண்டன், மிலான், பாரிஸ் நகரங்களின் ஆடைத்துறை அமைப்புகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வெள்ளையரை மட்டுமே மேடையேற்றிய ஆடை வடிவமைப்பாளர்களின் பெயர்களைப் பட்டியலிட்டார். வணிகத்துக்குப் போனவர் வாய் மூடியவராக ஆகவேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இன்னொரு படி மேலே போனவர் சாரா ஸிஃப். இவரும் மாடல்தான். இவர் தொடங்கியது கடை அல்ல, சங்கம். 2012-ல் நியூயார்க்கில் மாடல்களுக்கான அமைப்பை நிறுவினார். ஊதியம் எப்போது வரும் என்று தெரியாது, எவ்வளவு பிடித்தம் என்று தெரியாது, தன் படம் எங்கெங்கே விற்கப்படுகிறது என்று தெரியாது என்ற நிலையில் இருந்தோரின் குரலாக அது எழுந்தது. நீண்ட முயற்சிக்குப்பின் 2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஆடைத்துறைத் தொழிலாளர் சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் பிடிக்கும் தரகுக்கு 20 விழுக்காடு என்று வரம்பு; மாடலின் நலனைக் காப்பதே நிறுவனத்தின் கடமை என்ற விதி; கணிப்பொறி மூலம் ஒருவரின் உருவத்தைப் போலி செய்ய அவரது எழுத்து மூல இசைவு வேண்டும் என்ற கட்டளை. அன்று நவோமி சிம்ஸ் தனியாக நின்று பேசிய பேரத்தை, இன்று சட்டம் அனைவருக்காகவும் பேசுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நவோமி சிம்ஸைப் போற்றுகிறேன். வரம் பெற்றவர் என்பதற்காக அல்ல. வரம் தரமாட்டோம் என்றவர்களிடம் கணக்குக் கேட்டவர் என்பதற்காக. ஆனால் அவரது வெற்றியை, ஒவ்வொரு பெண்ணும் தனியே ஏறவேண்டிய மலையாகக் காட்டும் எழுத்தை எதிர்க்கிறேன். ஒருத்தி மலையேறினால் அது செய்தி. மலையைக் குடைந்து பாதை போட்டால்தான் அது வரலாறு.

கடைசியாக ஒன்று. நவோமி விற்றது செயற்கை இழை. ஆனால் உலகப் பொய்முடிச் சந்தையில் உண்மை முடிக்கும் பெரிய விலை உண்டு. திருமலையில் நேர்த்திக்கடன் என்று நம் தாய்மாரும் தங்கையரும் மழித்துக் கொடுக்கும் கூந்தல், தேவஸ்தானத்தாரால் ஏலம் விடப்பட்டு, கடல் கடந்து, அயல்நாட்டார் தலையில் பொய்முடியாக அமர்கிறது. மழித்துக் கொடுத்தவளுக்கு அதன் விலையும் தெரியாது, வழியும் தெரியாது. தன் தலையில் இருந்தது சரக்கு என்பதே அவளுக்குத் தெரியாது! அங்கே ஒரு பெண் தன் முடியின் கணக்கைத் தானே எழுதினாள். இங்கே ஒரு பெண்ணின் முடிக்கு வேறொருவர் கணக்கு எழுதுகிறார்.

கண்ணாடி முன் நிற்கும் தங்கையிடம், தோழர்களே, இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். அழகா இல்லையா என்று கண்ணாடியைக் கேட்பதை விட்டு, கணக்கேடு எவர் கையில் என்று அவள் கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவளை எந்த அளவுகோலும் அளக்க முடியாது.